நாலாம் நம்பர் பேப்பர்

போன வாரம் மகள் வந்திருந்தாள். வந்தால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சந்தையில் ஒரு கிலோ பச்சை மிளகாய் வாங்கி வந்து, கீறி, கண்ணாடி பாட்டிலில் அடுக்கி, வினிகர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் எழுந்து போய் சமையலறை வாசலில் நின்றேன். எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மூக்கு கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டது.

அவள் பாட்டிலை ஜன்னலோரம் வைத்து போனில் ஒரு படம் எடுத்து நீட்டினாள். நல்லா இருக்குதும்மா என்றேன். இன்னொன்று எடுத்தாள். அதற்கும் அதையே சொன்னேன்.

"போப்பா. எதைக் காட்டினாலும் நல்லா இருக்குதுன்னு சொல்ற ஆளுகிட்ட எதுக்குக் காட்டணும்?" என்று மூடியைத் திருக ஆரம்பித்தாள்.

அவள் சொன்னது நியாயம்தான். முதல் படத்தில் பாட்டில் சாய்ந்திருந்தது. இரண்டாவதில் அடுப்பின் கேஸ் குழாய் பாட்டிலின் தலையில் முளைத்த மாதிரி இருந்தது. என் கண்ணுக்கு அதெல்லாம் உடனே தெரியும். சொல்ல மாட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாக யாருடைய போட்டோவையும் நான் குறை சொன்னதில்லை. இதை நல்ல குணம் என்று நினைக்கிறவர்கள் உண்டு, என் மனைவி உட்பட. உங்களிடம் சொல்வதற்கு என்ன, அது நல்ல குணம் இல்லை.

வினிகர் வாடை என்றால் எனக்கு இருட்டறைதான் ஞாபகம் வரும். போட்டோ பேப்பரை டெவலப்பரிலிருந்து எடுத்ததும் ஒரு புளிப்புத் தண்ணீரில் முக்குவோம். அப்புறம்தான் படம் அழியாமல் நிற்க ஹைப்போ. அந்தப் புளிப்புத் தண்ணீரின் வாடை இதே வாடை. அப்போது நாங்கள் மாரண்டஹள்ளியில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் விறகு போடுகிற சின்ன அறை ஒன்று இருந்தது. அதன் ஓட்டைகளையெல்லாம் சாணியும் சாக்கும் வைத்து அடைத்து நான் இருட்டறை ஆக்கியிருந்தேன். அம்மா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஊர்ல பசங்க வூட்டுக்குத் தெரியாம பீடி குடிப்பானுங்க. இவன் என்னடான்னா ஊறுகாயைக் கெடுத்து வெச்சுட்டு உள்ளயே உக்காந்திருக்கறான்" என்பாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். எண்பதுகளில், எனக்கு இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும், தக்காளிப் பெட்டி அடிக்கிற பட்டறையில் வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தக்காளி லாரி லாரியாக வெளியூர் போகும். அதற்கு மரப்பெட்டி அடித்து மாளாது. ஒரு நாளைக்கு எத்தனை ஆணி அடித்தேன் என்று கை சொல்லும், வாய் சொல்லாது. அந்தப் பெட்டிக் கட்டையிலேயே, ஒரு பால் பவுடர் டப்பாவையும் உடைந்த கேமராவின் லென்சையும் வைத்து, படத்தைப் பெரிதாக்கும் கருவி ஒன்று செய்தேன். பார்க்க கோழிக்கூண்டு மாதிரி இருக்கும். ஆனால் வேலை செய்தது. போட்டோ எடுப்பதில் நான் சுமார்தான். பிரிண்ட் போடுவதில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேர்தான் இந்தக் கதையில் எனக்கு எமன்.

தர்மபுரியில் எங்களை மாதிரி போட்டோ பைத்தியங்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். சங்கம் என்று சொல்லிக்கொள்வோம், போர்டெல்லாம் கிடையாது. ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை மிஷின்கள் எல்லாம் உறை போட்டுத் தூங்கும். அவற்றுக்கு மேலே ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பால் படங்களை மாட்டுவோம். ஒவ்வொன்றிலும் நம்பர் மட்டும்தான், பேர் இருக்காது. யார் எடுத்தது என்று தெரியாமல்தான் பேச வேண்டும். எடுத்தவன், தன் படத்தைப் பற்றி எல்லோரும் பேசி முடித்துக் கை தூக்கி ஓட்டுப் போடும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. முகத்தில்கூட ஒன்றும் காட்டக் கூடாது. கடைசியில்தான் எழுந்து, "நம்முளுதுதாங்க" என்று சொல்லலாம்.

ஒரு பேங்க் ஆபீசர்தான் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர். அவரை பேங்க் சார் என்போம். மற்றவர்களும் காலேஜ் வாத்தியார், எல்.ஐ.சி. ஏஜெண்ட் என்று படித்தவர்கள். கம்போசிஷன், டெப்த், டோன் என்று பேசுவார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை ஆட்டுவேன். என் முறை வந்தால், அவங்க சொன்னதுதாங்க என்று பக்கத்து ஆளைக் கை காட்டிவிடுவேன். ஒரு வருடத்தில் அந்த அறையில் நான் பேசிய வார்த்தைகளை எண்ணினால் ஒரு தபால் கார்டுக்குக்கூடப் பற்றாது.

அங்கே எனக்கு நெருக்கம் என்றால் சர்தார் பாய் ஒருவர்தான். பாலக்கோட்டில் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் மெத்தைக் கடை. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். தலை, புருவம், சட்டைப் பை எங்கும் இலவம் பஞ்சு ஒட்டியிருக்கும். பிலிமிலும் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். அவர் பிலிமை நான் பிரிண்ட் போட்டால் புழு நெளிகிற மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். ஒரு முடி மட்டும் விட்டு நறுக்கிய பிரஷ்ஷில் மை தொட்டு ஒவ்வொன்றாக மூடுவேன். "தம்பி, நான் எடுக்கறது பாதி, நீ வரையறது பாதி" என்று சிரிப்பார். சங்கத்தில் பாதிப் பேருக்கு நான்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பேங்க் சாருக்கும்கூட.

அந்த வருடம் சேலத்தில் ஒரு கண்காட்சிக்கு எங்கள் சங்கத்திலிருந்து ஆறு படம் அனுப்பலாம் என்று அழைப்பு வந்தது. நானும் பாயும் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் தொழுகை முடிந்த கையோடு, பஸ் ஏறி ஒகேனக்கல் போனோம். ஆற்றில் நல்ல தண்ணீர். இரண்டு பேரும் மீன் வறுவல் தின்றோம். நான் முள் எடுக்கத் தெரியாமல் திணறினேன். அதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் அந்த ருசி இப்போது ஞாபகம் வருகிறது.

பாய் பாறை மேல் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பரிசல்காரர்கள் வேலை முடிந்ததும் பரிசலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுவார்கள். ஆள் தெரியாது. பரிசலுக்கு இரண்டு கால் முளைத்து நடக்கிற மாதிரி இருக்கும். பின்னால் அருவி தெரிய அதை எடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு பரிசல்காரர் இவரையே பார்த்துவிட்டு, "ஏங்க பாய், ரெண்டு மணி நேரமா குந்தினு இருக்கறீங்களே, பொண்ணு கிண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். "உங்க காலைப் பாக்கத்தாங்க வந்தேன்" என்றார் பாய். அந்த ஆள் சிரித்துக்கொண்டே பரிசலைத் தூக்கித் தலையில் கவிழ்த்து, வழுக்குப் பாறையில் ஒரு காலை எடுத்து வைத்தார். பாய் அழுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற நானும் என் கேமராவில் அழுத்தினேன். என்னுடையது ஆடிப் போயிருந்தது. அது பின்னால் தெரிந்த கதை.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அவர் சொன்னார். அண்ணனுக்கு இந்த போட்டோ வேலை பிடிக்கவில்லை. தொழிலைப் பார்க்காமல் ஊர் சுற்றுகிறான் என்று வீட்டில் தினமும் பேச்சு.

"இந்தத் தடவை நம்ம படம் சேலத்துக்குப் போச்சுன்னா அவரு இனிமே வாயே தொறக்க மாட்டாராம். போகலைன்னா கேமராவைக் குடுத்துட்டு கடையோட கெடக்கணுமாம். நானும் சரின்னுட்டேன் தம்பி."

"ஏங்க பாய் அப்படிச் சொன்னீங்க?"

"வேற எதைச் சொல்றது? நல்லா இருக்குதுன்னு நாமளே சொல்லிக்கிட்டா போதுமா? வெளிய நாலு பேரு சொல்லட்டுமே."

அவர் பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு நல்ல நெகட்டிவ் நான் அதுவரை கையில் தொட்டதில்லை. விழுகிற தண்ணீரின் ஒவ்வொரு இழையும் அதில் இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து போட்டோ பேப்பரில் நம்பர் உண்டு. ரெண்டாம் நம்பர் சாதாரணப் படத்துக்கு. நாலாம் நம்பர், மங்கலாக விழுந்த படத்தை எடுப்பாகக் காட்டுவதற்கு. நல்ல நெகட்டிவை நாலாம் நம்பரில் போட்டால் கறுப்பு கன்னங்கரேல் என்றும் வெள்ளை வெளேர் என்றும் ஆகிவிடும். நடுவில் இருக்கிற சாம்பல் எல்லாம் செத்துப் போகும். அந்த வாரம் என்னிடம் ரெண்டாம் நம்பர் தீர்ந்துவிட்டது. இருந்த கடைசித் தாள்களில் என் படத்தைப் போட்டுவிட்டேன். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே தூங்குகிற ஒரு லோடுமேன் படம். அதைத் திருத்தித் திருத்தி நாலு தாள் வீணாக்கினேன். பாய் படத்துக்கு மிஞ்சியது நாலாம் நம்பர்தான்.

அப்போதும் வழி இருந்தது. மற்ற இடத்தைக் கையால் மறைத்துவிட்டு, தண்ணீருக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் காட்டியிருக்கலாம். பத்துத் தடவை முயன்றால் ஒன்று சரியாக வரும். எனக்குப் பொறுமை இல்லை. மறுநாள் காலை பஸ் பிடிக்க வேண்டும். ஒரே தாளில் போட்டேன். கால்களும் பரிசலும் அழகாக வந்தன. பின்னால் அருவி மட்டும் சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. பரவாயில்லை, இதுவும் ஒரு எடுப்பாகத்தான் இருக்கிறது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு காயப்போட்டேன்.

பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "தண்ணி இவ்வளவு வெள்ளையாவா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். வெயில் அப்படிங்க என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடி அறையில் அது ஐந்தாம் நம்பராகத் தொங்கியது. எல்லோரும் அதன் முன்னால் நின்றுவிட்டார்கள். அந்தக் காலைப் பார்த்து காலேஜ் வாத்தியார் ஆஹா என்றார். எல்.ஐ.சி. ஏஜெண்ட், இது கட்டாயம் போகணுங்க என்றார். பாய் மூலையில் ஒரு மிஷினின் உறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விதிப்படி முகத்தில் ஒன்றும் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

பேங்க் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். ஐடியா பிரமாதம்தான், ஆனால் பின்னால் தண்ணீரே இல்லையே, வெறும் வெள்ளையல்லவா இருக்கிறது, சேலத்தில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார். பிறகு யோசித்துவிட்டு, பிரிண்டில் வந்த தப்பு என்றால் வேறு போட்டு அனுப்பிவிடலாம், எடுத்ததிலேயே தப்பு என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அதைச் சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இதுல நீங்கதாங்க எக்ஸ்பர்ட்டு. சொல்லுங்க தம்பி. பிரிண்டுல தப்பா, எடுத்ததுல தப்பா?"

மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என் வாயைப் பார்த்தது அதற்கு முன்னால் நடந்ததில்லை. பிரிண்டில்தான் என்று சொன்னால், யார் போட்டது என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு அந்த அறையில் இருந்த ஒரே மரியாதை அதுதான். படித்தவர்கள் நடுவில் ஐந்தாவது படித்தவன் உட்கார இடம் கொடுத்த மரியாதை.

"எடுத்ததுலதாங்க" என்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். வாய் திறந்த பிறகுதான் தெரிந்தது, பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்று. வெளிச்சத்தை அளக்காமல் எடுத்திருக்கிறார்கள், நெகட்டிவிலேயே தண்ணீர் இருக்காது, எந்தப் பேப்பரில் போட்டாலும் இப்படித்தான் வரும் என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. பேங்க் சார், "பாத்தீங்களா, தம்பி பேச மாட்டாரு. பேசினா கரெக்டா பேசுவாரு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சந்தோஷப்பட்டேன். அந்த சந்தோஷத்தை இன்றைக்கு வரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கை தூக்கச் சொன்னபோது மூன்று கைகள்தான் எழுந்தன. நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். பாய் எழுந்து, "நம்முளுதுதாங்க" என்று சொல்லி, ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்தார். சேலத்துக்குப் போன ஆறில் என் லோடுமேன் படமும் ஒன்று. அதை உங்களிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

திரும்பும்போது ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தோம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். அவர் ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால், ஒருவேளை அப்போதே உண்மை வாயில் வந்திருக்கும். அவர் என் தோளில் கை வைத்தார்.

"என் படம்னு தெரிஞ்சும் சொன்ன பாரு, அதுக்கு ஒரு தைரியம் வேணும் தம்பி. சிநேகிதன்னு பாத்து மழுப்பியிருந்தா, சேலத்துல போயி அசிங்கப்பட்டிருப்பேன்."

கூச்ச சுபாவக்காரனுக்கு ஒரு வசதி, பேசாமல் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பாலக்கோடு வந்ததும் அவர் இறங்கி, ஜன்னலுக்கு வந்து, சூடாக ஒரு போண்டாப் பொட்டலத்தை உள்ளே கொடுத்துவிட்டுப் போனார். மாரண்டஹள்ளி வரைக்கும் அது மடியிலேயே இருந்தது.

மூன்று வாரம் கழித்து ரெண்டாம் நம்பர் பேப்பர் வந்தது. முதல் தாளிலேயே அவர் படத்தைப் போட்டேன். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், டெவலப்பருக்கு அடியில், முதலில் கால்கள் வந்தன. அப்புறம் பரிசல். கடைசியாகத் தண்ணீர் வந்தது, இழை இழையாக, துளித் துளியாக. ஓரத்தில் ஒரு வேண்டாத பாறை இருந்ததை வெட்டிவிட்டேன். பஞ்சுக் கோடுகளை மூடினேன். அடுத்த நாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு பாலக்கோடு போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

கடையில் அவர் மெத்தைக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கல்லாவில் இருந்தார். கேமரா எங்கே என்று கேட்டேன். முந்தின நாள்தான் ஓசூர் பக்கத்து ஆள் ஒருவர் வந்து வாங்கிப் போனாராம். சாதாரணமாகச் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு என் கவரை வாங்கிப் படத்தை வெளியே எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீயும் பக்கத்துல நின்னு எடுத்தியே, அதா இது?" என்றார். "பாருங்கண்ணா, அதே ஆளு, அதே நேரம். இவனுக்குத் தண்ணி எப்படி விழுந்திருக்குது பாருங்க. எனக்கு வரலையே. இதாங்க எடுக்கற விதம்."

அண்ணன் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அண்ணன் இருக்கிறார், அப்புறம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை. பாய் அதை பிரேம் போட்டுக் கடையில் மாட்டினார். மெத்தை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம், என் சிநேகிதன் எடுத்ததுங்க என்று காட்டுவார். அவர் எடுத்த படத்தை அவரே என் பேரில் இருபது வருடத்துக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்தேன். அப்புறம் சங்கத்துக்கும் போகவில்லை. கொஞ்ச நாளில் கல்யாணம், குழந்தை என்று போட்டோவும் விட்டுப் போயிற்று. அவர் மட்டும் பஸ்ஸில் என்னைத் தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும், இப்பவும் படம் எடுக்கறானா என்று விசாரிப்பாராம்.

நாலு வருடம் முன்னால் அவர் தவறிப்போனார். சேதி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. போனேன். அவர் மகன் கடையில் இருந்தார். இப்போது பஞ்சு இல்லை, எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபோம் மெத்தை. ரோட்டை அகலப்படுத்தியபோது பழைய கடையின் முன்பக்கம் போய்விட்டதாம். அந்தப் படம் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. நீங்கதானே அதை எடுத்தவரு, அப்பா அடிக்கடி சொல்லுவாருங்க என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

உட்கார்ந்து, முப்பது வருடத்துக்கு அப்புறம், முதல் தடவையாக நான் சொன்னேன். அது உங்க அப்பா எடுத்தது தம்பி, அதை நான்தான் கெடுத்தேன் என்று ஆரம்பித்தேன். அதற்கு நெகட்டிவ் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருந்தது. பேப்பருக்கு நம்பர் உண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. ரெண்டுக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம் என்று கையை அசைத்து அசைத்துச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"பிரிண்டர்ல செட்டிங்கு மாறின மாதிரிங்களா?"

"ஏறக்குறைய அப்படித்தான் தம்பி."

"அதுக்குப் போயி இத்தனை நாளு மனசுல வெச்சிருக்கறீங்களே. அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு, கடைப் பையனிடம் இரண்டு டீ சொன்னார். நல்ல பிள்ளை. அப்பாவின் அதே சிரிப்பு.

டீ குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பேங்க் சார் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். காலேஜ் வாத்தியார் உயிரோடு இல்லை. அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்தப் பேப்பரும் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. நல்ல நெகட்டிவை நாலாம் நம்பரில் போடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரிந்து, அதற்காக என்னை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்கக்கூடியவர் ஒருவரும் இப்போது இல்லை.